மஞ்சள் துணி கட்டிய மரங்கள்

சின்னமுத்துவின் மிளகுத் தோட்டத்தில் நின்ற பழைய கல்யாண முருங்கையின் பொந்தை யாரோ உளியால் குடைந்து அகலப்படுத்தியிருந்தார்கள். மரத்தடியில் ஈரம் காயாத செதுக்குத் தூளும் இரண்டு பச்சை இறகுகளும் கிடந்தன. பொந்துக்குக் கீழே, ஆள் நெஞ்சு உயரத்தில், மஞ்சள் துணி மட்டும் கட்டியது கட்டியபடி இருந்தது. முடிச்சுகூட நெகிழவில்லை. திருடனுக்கு அவ்வளவு மரியாதை.

பதினான்கு குழந்தைகள் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். பறவை பார்க்கும்போது சத்தம் போடக் கூடாது என்று அம்சவேணி இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவள் சொல்லாமலே அமைதி கிடைத்தது.

அம்சவேணி காளப்பநாயக்கன்பட்டியில் தையல் கடை வைத்திருப்பவள். ரவிக்கை தைக்க வருகிற பெண்களிடம் பேச்சுவாக்கில் ஆரம்பித்ததுதான் இந்தப் பறவை பார்க்கிற வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு, விடியற்காலையில், அவர்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, காரவள்ளி தாண்டி, மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வளப்பூர் நாட்டுக்குக் கூட்டிப்போவாள். வழியில் நாலு பிள்ளைகள் வாந்தி எடுக்கும். மேலே போய் இறங்கியதும் அத்தனையும் மறந்து குக்குறுவானைத் தேடும். வண்டி அவள் தம்பி யுவராஜுடையது. டீசல் காசுகூட வாங்க மாட்டான். 'உன் தம்பி தங்கம்' என்று ஊரே சொல்லும், அவளும் சொல்லிக்கொள்வாள்.

மலையில் கிளி குஞ்சு பொரிக்கிற காலமும் மிளகு பறிக்கிற காலமும் ஒன்றாக வந்து தொலையும். மிளகுக்கொடி ஏறிய மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தினால் பொந்துக்குள் இருக்கிற செந்தலைக் கிளி மிரண்டு போய்விடும். மிளகுக்காரர்களிடம் சட்டம் பேசினால் நடக்குமா? அம்சவேணி வேறு வழி பிடித்தாள். அந்தப் பக்கத்தில், மரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தால் அது யாரோ வேண்டிக்கொண்டு கட்டியது. அதில் ஏணி சாத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கடையில் மிச்சம் விழுந்த வெள்ளைத் துணியைக் கிழித்து, குழந்தைகள் கையாலேயே மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, கூடு இருந்த ஏழு மரங்களிலும் கட்டினாள். கட்டும்போது தோட்டக்காரர்களையும் கூப்பிட்டுக் கும்பிட வைத்தாள். ஒருவரும் ஏணி சாத்தவில்லை. தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

"நாங்க கிட்டவே போகலீங்க. துணி கட்டுன மரம், சாமி மரமுங்க. எம்பட சம்சாரம் அதும் பக்கம் திரும்பிக்கூட பாக்க மாட்டா," என்றார் சின்னமுத்து. அவர் குரலில் பயம் இருந்தது. சாமி குற்றம் தன் தோட்டத்தில் நடந்துவிட்டதே என்கிற பயம்.

மற்ற மரங்களையும் போய்ப் பார்த்தார்கள். ஏழில் ஐந்து காலி. மிச்சம் இரண்டில் கிளிகள் இருந்தன. அவை இன்னும் அடைகாத்துக்கொண்டிருந்தவை. திருடியவன் கண்ட மரத்தில் கை வைக்கவில்லை. குஞ்சு தலை நீட்டிய மரமாகப் பார்த்துப் போயிருக்கிறான். எந்த மரத்தில் எத்தனை தலை என்பது ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தது. அதை எழுதுகிறவள் சாயிரா. குஞ்சு எண்ணவென்றே போன ஞாயிறும் எல்லாரும் வந்திருந்தார்கள்.

சாயிராவுக்குப் பதினோரு வயது. கூட்டத்திலேயே கண் கூர்மையானவள். மற்ற பிள்ளைகள் 'எங்கக்கா, எங்கக்கா' என்று கழுத்தை ஒடித்துக்கொண்டிருக்கையில் அவள் பார்த்து, எழுதி, பென்சிலைக் காதில் செருகியிருப்பாள். 'முருங்கை, தென்பக்கப் பொந்து, மூன்று தலை' என்று முத்துமுத்தாக எழுதுவாள். அவள் அப்பா அப்பாஸ் அலி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வீட்டின் முன்பக்கத்திலேயே, மீன் தொட்டியும் லவ் பேர்ட்ஸும் விற்கிறவர். 'எங்கத்தா கடையில பறவை கூண்டுல இருக்குதே, அது பாவம் இல்லையாக்கா?' என்று சேர்ந்த புதிதில் கேட்டவள் அவள். அது இந்த நாட்டுப் பறவை இல்லை, வெளியே விட்டால் பிழைக்காது என்று அம்சவேணி சொன்னதை ஏற்றுக்கொண்டாள். ஆனாலும் கடைக்குள் போகும்போது கூண்டுப் பக்கம் பார்க்காமல் போகப் பழகியிருந்தாள்.

கார்த்திதான் முதலில் வாயைத் திறந்தான். ரைஸ்மில்காரர் பையன், பத்து வயது.

"அக்கா, சாயிரா ஊட்லதான குருவி விக்கறாங்க. நோட்டும் அவதான எழுதறா."

பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது போலச் சொன்னான். பதிமூன்று தலைகள் சாயிரா பக்கம் திரும்பின. அந்த இடத்தில் அம்சவேணி 'வாய மூடுறா' என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவளோ, அப்படியும் இருக்குமோ என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டாள். குழந்தைகளுக்கு ஒரு நிமிஷம் என்பது பெரிய நேரம். அவள் யோசிப்பதை அவர்கள் பார்த்தார்கள். சாயிராவும் பார்த்தாள்.

மலை இறங்கும்போது வண்டியில் சாயிரா பக்கத்து சீட்டு காலியாக வந்தது. "சின்னப்புள்ளைங்க மனசுல பட்டதச் சொல்லுது. அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?" என்று ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே அக்காவிடம் சொன்னான் யுவராஜ்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இப்போது ஊருக்கு வாய் மட்டுமா, வாட்ஸ்அப்பும் இருக்கிறது. மதியத்துக்குள் பெற்றோர் குரூப்பில் அப்பாஸ் அலி கடையின் கூண்டுப் படம் வந்துவிட்டது. 'பொண்ண வேவு பாக்க அனுப்பிட்டு அப்பன் யாவாரம் பாக்கறான்' என்று ஒருத்தர். 'அவங்க ஆளுங்களே அப்படித்தான்' என்று இன்னொருத்தர். அதற்குக் கைகூப்பும் படங்கள் ஏழெட்டு.

சாயங்காலம் அப்பாஸ் அலி மகளைக் கூட்டிக்கொண்டு தையல் கடைக்கு வந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரி, ஏதோ பெரிய ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என்னையப் பேசட்டுங்க, பரவால்ல. முப்பது வருசமா யாவாரம் பண்றேன், கேக்காத பேச்சில்ல. புள்ளையப் பேசறாங்க. நீங்க அந்த குரூப்புல ஒரே வார்த்த போட்ருங்கம்மா, சாயிரா அப்படிப்பட்ட புள்ள இல்லேன்னு. நீங்க சொன்னா ஊரு கேக்கும்ங்க."

"நோட்டை ஒருக்கா பாத்துட்டுப் போட்டர்றனுங்க பாய்," என்றாள் அம்சவேணி.

"நோட்டு வண்டிலதான்க்கா இருக்குது. பனியில நனையுது, வண்டியிலயே வெச்சிருன்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள் சாயிரா. அழுதிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. குரலில் தெரியவில்லை.

வண்டி யுவராஜிடம் இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பது அவளுக்கும் தெரியும். காலையிலிருந்து மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு தெரு தள்ளி அம்மா ஆத்தாயியும் யுவராஜும் இருக்கிற வீடு. வண்டி வாசலில் நின்றது. முன்பக்கப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். தலை நீட்டிய ஐந்து கூடுகளுக்கும் பக்கத்தில் நீல மையில் சின்னச் சின்னதாகக் கோடு போட்டிருந்தது. சாயிரா பென்சிலைத் தவிர வேறெதிலும் எழுதியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. மாடு விற்று மூன்று வருடம் ஆகிறது. உள்ளே ஒரு தக்காளிப் பெட்டி, மேலே ஈரச் சாக்கு. சாக்கைத் தூக்கினாள். பதினொரு குஞ்சுகள், பாதிச் சிறகோடு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நான்கு அசையவில்லை. மற்றவை அவளைப் பார்த்து வாயைத் திறந்தன. தீனி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டன.

பின்னால் காலடி கேட்டது. ஆத்தாயி, உள்ளங்கையில் ஊறவைத்த பொட்டுக்கடலையோடு நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"ஏம்மா," என்றாள் அம்சவேணி. 

யுவராஜ் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். ஒளிக்கவோ ஓடவோ இல்லை. "சேலத்துல ஒருத்தன் ரெண்டு வருசமா கேட்டுட்டே இருந்தான்க்கா. பறவைதான? மனுசனக் கடத்திட்டு வந்தாப்பல பாக்கற. அங்க கெடந்தா பாம்பு திங்கும், கழுகு திங்கும். நீதான புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற."

அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். அவன் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். சின்ன வயதிலும் அடித்தால் அப்படித்தான் நிற்பான், அடித்தவள்தான் அழவேண்டியிருக்கும்.

"பாய் புள்ளையத் திருடிங்கறாங்க. நீ வண்டியில உக்காந்துட்டு அதுக்கும் சேத்து ஒத்து ஊதற. நான் இப்பவே போன் பண்றேன்."

போனை எடுப்பதற்குள் ஆத்தாயி காலில் விழுந்துவிட்டாள். கடலை மண்ணில் சிதறியது. "வைகாசியில கலியாணம் வெச்சிருக்குது. முப்பத்தாறு வயசுல இப்பத்தான் ஒரு பொண்ணு அமைஞ்சிருக்குது. கேசு ஆயிருச்சுன்னா பொண்ணூட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்களா? அந்தப் புள்ளைக்கென்ன, சின்னப்புள்ள, பத்து நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க. உன்ற தம்பிக்கு ஆயுசுக்கும் ஆயிரும் சாமி."

பெற்றவள் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது நியாயம் பேச எத்தனை பேரால் முடியுமோ தெரியாது. அம்சவேணியால் முடியவில்லை.

"காத்தால மொத வேலையா ஃபாரஸ்ட் ஆபீஸ் வாசல்ல பெட்டியோட வெச்சுட்டு வந்தர்றேன். யாரு வெச்சதுன்னு யாருக்கும் தெரியாது. குஞ்சும் பொழைக்கும், எல்லாம் பொழைக்கும்," என்றான் யுவராஜ்.

அவள் நம்பினாள். நம்புவதுதான் வசதியாக இருந்தது.

அன்று இரவு எட்டு மணி சுமாருக்கு குரூப்பில் இப்படிப் போட்டாள்: 'நடந்தது வருத்தமான விஷயம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். குழந்தைகள் மனம் நோகக் கூடாது.' எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அரைமணி நேரம் ஆயிற்று. அப்பாஸ் அலி கேட்ட ஒரே வார்த்தை மட்டும் அதில் இல்லை. சாயிரா பெயரைப் போட்டால், அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வருமே.

ஊர் அதைத் தன் போக்கில் வாசித்தது. 'பாத்தீங்களா, அம்சாக்காவே மறுக்கல. கொழந்தைன்னு பெரிய மனசு பண்ணி விடறாங்க' என்று கார்த்தியின் அம்மா போட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

திங்கள் முதல் பள்ளிக்கூடத்தில் சாயிராவுக்குக் 'கிளித் திருடி' என்று பெயர். புதன்கிழமை யாரோ போன் பண்ணிச் சொல்லி வனத்துறைக்காரர்கள் இரண்டு பேர் அப்பாஸ் அலி கடைக்கு வந்தார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். கூண்டுகளைப் பார்த்தார்கள், ரசீதுகளைப் பார்த்தார்கள், தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் நின்ற நூறு பேர் பார்த்தது காக்கிச் சட்டை கடைக்குள் போனதை. வெளியே வந்து சொன்னதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

அம்சவேணி அந்த நாட்களில் தெருவைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு வழி போவதில்லை. யுவராஜிடம் திங்கட்கிழமை போனில் கேட்டாள். 'வெச்சுட்டேன்க்கா' என்றான். மேற்கொண்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அப்பாஸ் அலி தெரிந்தவர் யாருடனோ தெருமுனையில் பேசிக்கொண்டிருந்தபோது, சாயிரா கடையில் இருந்த அத்தனை கூண்டையும் திறந்துவிட்டாள். எங்கள் வீட்டில் பறவை விற்பதில்லை என்று ஆகிவிட்டால் பேச்சும் நின்றுவிடும் என்று பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறது. அறுபத்திரண்டு லவ் பேர்ட்ஸ். மஞ்சளும் நீலமும் வெள்ளையுமாகத் தெருவில் சிதறின. பறக்கத் தெரியாமல் கரண்டுக் கம்பியில் மோதின, பஸ் கூரையில் உட்கார்ந்தன, டீக்கடைப் பந்தலில் தொங்கின. காக்கைகளுக்கு யார் சொல்லி அனுப்பினார்களோ. கால் மணி நேரத்தில் எங்கிருந்தோ வந்து நிறைந்துவிட்டன.

பஸ் ஸ்டாண்டு ஜனம் போனைத் தூக்கிப் படம் எடுத்தது. சாயிரா ரோட்டில் இங்கும் அங்கும் ஓடி, காக்கை கொத்திய ஒவ்வொன்றையும் பாவாடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாஸ் அலி ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அடிக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. இதையெல்லாம் தையல் கடைக்கு ரவிக்கை வாங்க வந்த பெண் ஒருத்தி நடித்தே காட்டினாள், சிரித்துக்கொண்டு. அம்சவேணி மிஷினை நிறுத்தினாள். ஊசியில் துணி அப்படியே இருக்க, எழுந்து செருப்புகூடப் போடாமல் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"குஞ்சு எங்கடா?"

"அதான் வெச்சுட்டேன்னு…"

"எங்கடா?"

யுவராஜ் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆபீஸ் வாசல்ல கேமரா வெச்சிருக்கறான்க்கா. எப்படி வெக்கறது? சேலத்துக்காரனும் பயந்துட்டு வல்ல. அம்மா தீனி வெச்சுப் பாத்துச்சு. புதன்கெழம வரைக்கும் இருந்துச்சு. எல்லாஞ் செத்துருச்சு. கெணத்துல போட்டுட்டேன்."

அம்சவேணி திரும்பி நடந்தாள். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தும் நிற்கவில்லை. நேராக வனத்துறை அலுவலகம் போய், பெயர், வீடு, வண்டி எண், கிணறு, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்பதையும் எழுதினாள். வாசல் படியில் உட்கார்ந்து குரூப்பிலும் போட்டாள்: 'கிளிக்குஞ்சு திருடியது என் தம்பி யுவராஜ். எனக்கு ஆறு நாளாகத் தெரியும். சாயிரா ஒரு தப்பும் செய்யவில்லை. அவளிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும், முதலில் நான்.'

நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள் என்று காட்டியது. கைகூப்பும் படம் ஒன்றுகூட வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து கார்த்தியின் அம்மா கேட்டாள்: 'அப்ப அடுத்த மாசம் வண்டிக்கு என்ன ஏற்பாடுங்க?'

பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தாள். ரோட்டில் அங்கங்கே நீல இறகு ஒட்டிக் கிடந்தது. அப்பாஸ் அலி கடையில் காலிக் கூண்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார்கள். சாயிரா மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கைகளில் அங்கங்கே காக்கை கீறிய காயம், மருந்து தடவியிருந்தது.

அம்சவேணி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். யார் எடுத்தது, தான் எப்போது பார்த்தது, ஏன் வாயைத் திறக்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. சொல்லும்போது அழக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்தாள், அழுதுவிட்டாள்.

அப்பாஸ் அலி ஈரத் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். கேட்டுக்கொண்டிருந்தாரா என்றே தெரியவில்லை.

சாயிராதான் கேட்டாள். "நீங்க பாத்தப்ப எத்தன உசுரோட இருந்துச்சுங்க்கா?"

"ஏழு, கண்ணு."

"இப்ப?"

ஒன்றுமில்லை என்று அம்சவேணி தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கே ஃபாரஸ்ட்ல குடுத்திருந்தா ஏழும் பொழச்சிருக்கும்ங்க்கா," என்றாள் சாயிரா. கோபமாகச் சொல்லவில்லை. மரத்தடியில் நின்று பார்த்ததைச் சொல்வாளே, அதே குரல். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உள்ள அம்மாகிட்டப் போ சாயிரா," என்றார் அப்பாஸ் அலி. அவள் எழுந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு அம்சவேணியிடம், "வந்து சொன்னீங்களே, சந்தோசமுங்க," என்று சொல்லிவிட்டு, அவள் வாசலில் நிற்கும்போதே ஷட்டரைப் பாதிவரை இழுத்தார். "கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்கம்மா. கால்ல பட்டுரும்."

அவள் தள்ளி நின்றாள். அவர் முழுக்க இறக்கி, உள்ளேயிருந்து பூட்டினார்.